கண்ணில் படாத முதலைதான் ஆபத்து

"முதலை ஒன்றும் கண்ணில் படவில்லையே, இறங்கினால் என்ன?" முதலைகள் வாழும் நீர்நிலைகளில் களப்பணி செய்யும் எனக்கு இந்தக் கேள்விதான் பெரிய கவலை. கண்ணில் படும் முதலை பெரும்பாலும் கரையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். வேட்டைக்கு வந்த முதலை அப்படித் தெரியாது.

அதன் உடலமைப்பே ஒளிந்திருப்பதற்கு ஏற்றது. கண், காது, மூக்குத் துளை எல்லாம் தலையின் மேற்புறத்தில் இருப்பதால், அவை மட்டும் நீருக்கு மேலே இருந்தால் போதும். இரையைக் குறிவைத்துவிட்டால் தலையையும் நீருக்குள் இழுத்துக்கொள்ளும். குப்புறப் பாய்ந்து முங்காது. கிடந்தபடியே சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். அப்புறம் நீருக்கடியிலேயே கரையோரம் வந்துவிடும். தண்ணீர் கலங்கியிருந்தாலும் சரி, இருட்டானாலும் சரி. தாடையைப் பக்கத்தில் பார்த்தால் கடுகளவு கரும்புள்ளிகள் நிறையத் தெரியும். நீரில் எழும் மிகச் சிறிய அதிர்வையும் அவை உணர்ந்துவிடும். நீங்கள் தண்ணீர் மொள்ளும் அசைவே அதற்குப் போதும்.

பொறுமைக்கும் குறைவில்லை. குளிர் ரத்தப் பிராணி என்பதால் உடல் சூட்டுக்காக உணவைச் செலவழிப்பதில்லை. வளர்ந்த முதலை மாதக்கணக்கில்கூட இரையில்லாமல் தாங்கும். ஒரே துறையில், ஒரே நேரத்தில் தினமும் இறங்குபவர்களை எச்சரிப்பது இதனால்தான். அந்தப் பழக்கத்தை முதலை கவனித்துவிடும்.

பிடிப்பது நொடியில் முடிந்துவிடும். வாலை உந்தி நீரிலிருந்து எகிறும். 2012இல் வெளியான ஆய்வொன்றில் உப்புநீர் முதலையின் கடி விசை 16,000 நியூட்டனைத் தாண்டியது; ஏறத்தாழ 1,600 கிலோ எடை அழுத்துவதுபோல. ஆனால் அந்த வாயால் மெல்ல முடியாது. கூம்பு வடிவப் பற்கள் பிடிப்பதற்கு மட்டுமே. அதனால் பெரிய இரையை ஆழத்துக்கு இழுத்து மூழ்கடிக்கும், பிறகு தன் உடலையே சுழற்றிச் சதையைப் பிய்க்கும். வாயைத் திறக்கும் தசை மட்டும் பலவீனமானது. ஆய்வுக்காகப் பிடிக்கும்போது சில சுற்று ஒட்டுநாடாவிலேயே வாயைக் கட்டிவிடுவோம்.

கரையில் துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்பது வீண் பேச்சு. நிலத்தில் அது வெகுதூரம் துரத்தாது. தண்ணீரை விட்டு நேராக ஓடுங்கள்.

எல்லா முதலைகளும் ஒன்றல்ல. மனிதர்களை அதிகம் தாக்குபவை நைல் முதலையும் உப்புநீர் முதலையும்தான். கரியல் என்ற இனமோ ஒல்லியான நீண்ட மூக்கால் மீன் பிடித்துத் தின்பது. மற்ற முதலைகள் முட்டை காக்கும் காலத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. குஞ்சுகளை நோகாமல் வாயில் ஏந்தித் தண்ணீருக்குக் கொண்டுபோகும் அதே தாய், கூட்டை நெருங்குபவர்மேல் பாயும்.

பிரச்சினை வந்ததும், "பிடித்து வேறெங்காவது விட்டுவிடுங்கள்" என்கிறார்கள். அது பெரும்பாலும் பலிக்காது. ஆஸ்திரேலியாவில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி இடம் மாற்றிய உப்புநீர் முதலை ஒன்று, 400 கிலோமீட்டருக்கு மேல் நீந்திப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதற்குப் பதிலாகத் துறையைச் சுற்றி நீருக்குள் வலுவான கம்பங்களை நெருக்கமாக நட்டுத் தடுப்பு வேலி போடுங்கள். மீன் கழிவையும் இறைச்சிக் கழிவையும் கரையில் கொட்டாதீர்கள். பொழுது சாய்ந்தபின் குழந்தைகளைத் தண்ணீர் பக்கம் அனுப்பவே வேண்டாம்.