குறி சரி, நேரம் பிழை: எஞ்சின் மாற்றிய லொறியின் டைமிங்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஜப்பான் எஞ்சினைப் பழைய எல்ஃப் லொறி ஒன்றில் ஏற்றும்போது, உண்மையில் இரண்டு எஞ்சின்கள் கலந்து ஒன்றாகின்றன. பிளொக்கும் ஹெட்டும் புதிதாக வந்தவை. முன் புல்லி பழையது, பெல்ட் அதற்குத்தான் பொருந்துகிறது. டீசல் பம்ப்பும் சிலவேளை பழையதே, போன வருடம்தான் காசு கொட்டித் திருத்தியது. டைமிங் குறிகளோ, அதாவது டீசல் பீச்சும் நேரத்தைச் சரிபார்க்கும் அடையாளங்களோ, இந்த உதிரிகள் எல்லாவற்றிலும் பிரிந்து கிடக்கின்றன. புல்லியில் ஒரு கோடு, முன் மூடியில் ஒரு முள், பம்ப் விளிம்பில் ஒரு கீறல். ஒன்றுக்கொன்று சொந்தமான உதிரிகளில் இருக்கும்வரைதான் அவை உண்மை பேசும். கலந்த பிறகு கோடும் முள்ளும் நேருக்கு நேர் நிற்கலாம், பிஸ்டன் வேறெங்கோ நிற்கும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தில் சூடேறிய காற்றுக்குள் டீசல் பீச்சப்பட்டு, ஏறத்தாழ ஒரு மில்லி செக்கன் கழித்துத்தான் பற்றுகிறது. ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பீச்சத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 2000 சுற்றில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிரேங்க் ஒரு மில்லி செக்கனில் 12 பாகை திரும்பிவிடும். 600 சுற்றில் அதே 12 பாகைக்கு 3 மில்லி செக்கனுக்கு மேல் பிடிக்கும். சும்மா நிற்கும்போது ஒழுங்காக ஓடும் எஞ்சின், பாரம் ஏற்றியதும் மூச்சு வாங்குவதற்கு இதுதான் காரணம். கொழும்பின் சமதரையில் இந்தப் பிழை ஒளிந்திருக்கும், கடுகண்ணாவை ஏற்றத்தில் வெளியே வரும்.

நேரம் பிந்தினால் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை, சோம்பல், இழுவைக் குறைவு, சூடு. முந்தினால் வெண்கலக் கடைக்குள் யானை புகுந்த மாதிரித் தட்டல், ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் திருப்பி உதைத்தல், நாளடைவில் ஹெட் கேஸ்கெட்டும் பிஸ்டனும் செலவு. ஆனால் இதே அறிகுறிகளைத் தரும் மலிவான காரணங்களும் உண்டு. முன் மூடியைக் கழற்றுவதற்கு முன் அவற்றைத் தள்ளிவிட வேண்டும்.

முதலில் எரிபொருள் குழாய்க்குள் காற்று. எஞ்சின் மாற்றும்போது பழைய செப்பு வொஷரையே திரும்பப் போட்டால் அந்த இடத்தில் காற்று உறிஞ்சும். பம்ப்புக்குப் போகும் வழியில் ஒரு முழம் ஒளிபுகும் குழாயைப் பொருத்தி ஓட்டினால் குமிழி கண்ணுக்குத் தெரியும். அடுத்தது, டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாய்களின் ஒழுங்கு. அது சிலிண்டர்கள் பற்றும் வரிசையில் இருக்க வேண்டும். 4ஜேபி1 போன்ற நாலு சிலிண்டர் எஞ்சினில் 1-3-4-2, ஆறு சிலிண்டர் கமின்ஸ் 6பிடியில் 1-5-3-6-2-4. குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் வயர் பூட்டப்படாமல் விடுபட்டதும் காலையில் வெள்ளைப் புகையாகத்தான் தெரியும். அப்புறம் வோல்ட்டேஜ். 24 வோல்ட் லொறியிலிருந்து வந்த பம்ப்பின் ஸ்டொப் சொலினொயிட், அதாவது டீசலைத் திறந்து மூடும் மின்காந்தம், 12 வோல்ட்டில் அரைகுறையாகத்தான் இழுக்கும், எஞ்சின் பற்றாது. மாறாக 12 வோல்ட் சொலினொயிட்டை 24 வோல்ட்டில் போட்டால் சுருள் எரிந்துவிடும். இவற்றில் எதுவும் டைமிங் அல்ல.

ஒரே பிளஞ்சர் எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் பங்கிடும் ரோட்டரி பம்ப்பில் இன்னொரு பொறி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பொறி. டீசல் உள்ளே போகும் போல்ட்டும் மிச்சம் திரும்பி வரும் போல்ட்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். திரும்பும் போல்ட்டின் தலையில் ‘அவுட்’ என்று அடித்திருக்கும், உள்ளே ஊசித் துளை மட்டும் இருக்கும். அந்தச் சிறு துளைதான் பம்ப் வயிற்றில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. வேகம் கூடக்கூட அழுத்தம் கூடி, ஒரு சிறு பிஸ்டனைத் தள்ளி, பீச்சலை முன்னுக்கு எடுக்கிறது. அந்த இடத்தில் சாதாரண போல்ட் போட்டால் அழுத்தம் விழும், நேரம் முன்னேறாது. சும்மா நிற்கையில் எல்லாம் சரி, வேகத்தில் மட்டும் எஞ்சின் சாகும். இரண்டும் இடம் மாறினால் பம்ப் பட்டினி கிடக்கும். 2 நிமிடத்தில் பார்க்கக்கூடிய இதைப் பார்க்காமல் கியர் மூடியைக் கழற்றுவது வீண் வேலை.

இத்தனைக்குப் பிறகும் கோளாறு நின்றால், உச்சியை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். புல்லிக் கோட்டை நம்பக் கூடாது. ரப்பர் வைத்த புல்லியில் வெளி வளையம் வருடக்கணக்கில் மெல்ல வழுக்கியிருக்கும், கோடும் அதோடு நகர்ந்திருக்கும். பிஸ்டன் நிற்கிறதா என்று கம்பி விட்டுப் பார்ப்பதும் போதாது. 4ஜேபி1 எஞ்சினின் ஸ்ட்ரோக் 102 மில்லிமீட்டர். அதில் உச்சிக்கு 5 பாகை இப்பாலும் 5 பாகை அப்பாலும் பிஸ்டன் இறங்குவது கால் மில்லிமீட்டர் அளவுதான். கைக்கு அது தெரியாது.

வழி இது. முதலாம் இன்ஜெக்டரைக் கழற்றி, துளைக்குள், நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜின் நீட்டிய காலை விட வேண்டும். உச்சிக்கு முன் பிஸ்டன் 2 மில்லிமீட்டர் கீழே இருக்கும் இடத்தில் நிறுத்திப் புல்லியில் சாக்பீஸ் கோடு. உச்சியைத் தாண்டி அதே 2 மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் உண்மையான உச்சி. இரண்டு முறையும் எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்ப வேண்டும். தாண்டிப் போய்விட்டால் கால் சுற்றுப் பின்னால் போய்த் திரும்ப வாருங்கள், இல்லாவிட்டால் கியர்ப் பற்களின் இடைவெளி கணக்கைக் குழப்பும். பாகை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. 160 மில்லிமீட்டர் விட்டமுள்ள புல்லியின் சுற்றளவு சுமார் 503 மில்லிமீட்டர், ஒரு பாகைக்கு 1.4 மில்லிமீட்டர். ஒரு காகிதக் கீற்றை ஒட்டி அளந்தால் போதும்.

கிரேங்க் இரண்டு சுற்றுச் சுற்றி முடியும் ஒரு முழுச் சுழற்சியில் உச்சி இரண்டு தடவை வரும். முதலாம் சிலிண்டர் அழுத்தும் உச்சியில் அதன் இரண்டு வால்வுக்கும் இடைவெளி இருக்கும், அதே வேளை நாலாம் சிலிண்டரில் ஒரு வால்வு மூட மற்றது திறக்கத் தொடங்கும். ஆறு சிலிண்டரில் ஆறாவதைப் பார்க்க வேண்டும். இதைப் பாராமல் புல்லிக் கோட்டை மட்டும் வைத்துப் பம்ப்பைப் பூட்டினால், பம்ப் அரைச் சுற்றுப் பிழைத்து, வெளியேற்றும் உச்சியில் பீச்சும். வெள்ளைப் புகை வரும், ஒரு வெடியும் வராது.

இனி பம்ப். ரோட்டரி பம்ப்பின் பின்தலையில் குழாய்களுக்கு நடுவே உள்ள திருகைக் கழற்றி டயல் கேஜ் பூட்டி, ஒரு மில்லிமீட்டர் அழுத்தி வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பீச்சலை முன்னுக்கு எடுக்கும் நெம்பு இருந்தால் அதை விடுவித்துவிட வேண்டும், மறந்தால் அளவு முழுவதும் பொய். உச்சிக்கு 45 பாகை முன்னே கிரேங்க்கை இலேசாக ஆட்டினாலும் முள் அசையாத இடம் வரும். அங்கே பூச்சியம். பிறகு அந்த எஞ்சினுக்குச் சொல்லப்பட்ட பாகைக்குத் திருப்பி, சொல்லப்பட்ட உயர்வு கேஜில் வருகிறதா என்று பாருங்கள். அது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், ஒன்றின் அளவை மற்றதற்கு இரவல் வாங்கக் கூடாது. குழாய் நட்டுகளை எல்லாம் தளர்த்திவிட்டு, பம்ப் உடலைத் தண்டு சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் நேரம் முந்தும், அதே திசையில் திருப்பினால் பிந்தும்.

பம்ப்பைப் பூட்டும் விளிம்பின் நீள்துளைகள் சில பாகைக்கே இடம் கொடுக்கும். கடைசி எல்லைவரை திருப்பியும் அளவு கிட்டவில்லையென்றால் கியர் ஒரு பல் தவறியிருக்கிறது. கிரேங்க் கியரில் 30 பல் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல் 12 பாகை, எந்த விளிம்பும் அதை ஈடுகட்டாது. மூடியைத் திறந்தே ஆக வேண்டும்.

திறந்தவர்கள் பயப்படும் ஒரு விடயம்: குறிகளைப் பொருத்தி இரண்டு சுற்றுச் சுற்றினால், கிரேங்க்குக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ள நடுக் கியரின் குறி திரும்ப வராது. அது பிழையல்ல. கிரேங்க் 30, பம்ப் 60, நடுக் கியர் 44 பல் என்றால் எல்லாக் குறியும் மறுபடி சந்திக்க 22 சுற்று வேண்டும். கிரேங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம், பம்ப் மூன்றும் இரண்டு சுற்றில் தத்தம் இடத்துக்கு வந்தால் போதும்.

சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்ப்பில் கேஜ் வேண்டாம். முதல் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து, வளைந்த குழாய் பூட்டி, கையால் டீசல் தள்ளியபடி கிரேங்க்கைத் திருப்பினால், ஓடும் தாரை சொட்டாக மாறும் கணமே பீச்சல் தொடங்கும் இடம்.

கொமன் ரெயில் எஞ்சினில், அதாவது உயர் அழுத்த டீசலை ஒரு பொதுக் குழாயில் தேக்கி மின்னணுவால் பீச்சும் எஞ்சினில், கதை வேறு. அங்கே நேரத்தை முடிவு செய்வது கிரேங்க், கேம் சென்சர்கள். வேறு எஞ்சினின் ஃபிளைவீல் பூட்டப்பட்டு, சென்சர் எண்ணும் துளைகளோ பற்களோ ஒத்துவராவிட்டால், கிரேங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்னும் பி0016 என்ற பிழைக் குறியீடு வரும், அல்லது எஞ்சின் பற்றவே மறுக்கும். அதில் ஓடும்போது இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழக்கம் கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துக் கைக்குள் போய்விடும்.

எல்லாம் பொருந்திய பிறகு பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள், புகைப் பரிசோதனைக்கு அதன் பிறகு கொண்டுபோகலாம். அதற்கு முன், கண்டுபிடித்த உச்சிக்குப் புல்லியில் உளியால் புதுக் கோடு ஒன்று போட்டு, பழைய கோட்டை அரத்தால் தேய்த்து அழித்துவிடுங்கள்.