பிப்ரவரி 29 பிறந்தநாள்: காலண்டர் எந்தத் தேதியில் மணியடிக்கும்?

கூகுள் காலண்டரில் 2024 பிப்ரவரி 29 அன்று ஒரு சாதாரண நிகழ்வைப் பதிந்து, ‘ஆண்டுதோறும்’ என்று போட்டுவிட்டால் அடுத்த மணி 2028-இல்தான் அடிக்கும். நடுவில் மூன்று வருஷம் சத்தமே இருக்காது. பிழைச் செய்தியும் வராது, அதனால் யாருக்கும் தெரியவும் தெரியாது. அதையே ‘பிறந்தநாள்’ வகையாகப் பதிந்தால் கணக்கு வேறு. அந்த வகைக்கு ‘பிப்ரவரியின் கடைசி நாள்’ என்று விதி எழுதவேண்டும் என்கிறது கூகுளின் ஆவணம். ஆகவே சாதாரண வருஷங்களில் 28-ஆம் தேதி வந்துவிடும்.

முதலாவதைக் கூகுளின் கோளாறு என்று சொல்ல முடியாது. காலண்டர்கள் ஒன்றுக்கொன்று நிகழ்வுகளை அனுப்பிக்கொள்ளும் ஐகேலண்டர் தரம், 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணைய விதி ஆவணம், இல்லாத தேதியைத் தாண்டிப் போ, எண்ணிக்கையிலும் சேர்க்காதே என்று கண்டிப்பாகச் சொல்கிறது. ‘10 முறை மட்டும்’ என்று வரம்பு வைத்தால் பத்தாவது முறை 2060-இல் வரும்! 2015-இல் ஆர்எஃப்சி 7529 இதற்கென்றே ‘ஸ்கிப்’ என்ற அமைப்பைச் சேர்த்தது. அந்த நாளை விட்டுவிடலாம், பின்னோக்கி 28-க்குத் தள்ளலாம், அல்லது முன்னோக்கி மார்ச் 1-க்குத் தள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எதிர்முனையில் இருக்கும் செயலிக்கு அது புரியும் என்று நம்பி ஃபைலை அனுப்ப முடியாது.

பழைய தரத்துக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். அந்தத் தரத்தில் நிகழ்வு சேமிக்கப்படும் ஐசிஎஸ் ஃபைலை நோட்பேடில் திறந்தால் ‘ஆர்ரூல்’ என்று தொடங்கும் வரி இருக்கும். 28-ஆம் தேதி வேண்டுமென்றால் அதில் மாதம் 2, மாத நாள் மைனஸ் 1 என்று கொடுங்கள். மைனஸ் 1 என்றால் கடைசி நாள். மாதத்தை மறந்துவிட்டு மைனஸ் 1 மட்டும் போட்டால் வருஷத்துக்குப் பன்னிரண்டு பிறந்தநாள் வரும். மார்ச் 1 வேண்டுமென்றால் இன்னும் எளிது: ஆண்டின் 60-ஆவது நாள். லீப் வருஷத்தில் அது பிப்ரவரி 29, மற்ற வருஷங்களில் மார்ச் 1. ஃபைலைத் தொட விருப்பமில்லாதவர்கள் டெஸ்க்டாப் அவுட்லுக்கில் ஆண்டுதோறும் வரும் நிகழ்வுக்கு ‘கடைசி – நாள் – பிப்ரவரி’ என்று தேர்ந்தெடுத்தால் போதும்.

அலுவலகங்களில் வாழ்த்து அனுப்பும் புரோகிராம்களில் சிக்கல் இதைவிட ஆழம். ஒரு வருஷம் கூட்டு என்று சொன்னால் ஒவ்வொரு கணினி மொழியும் டேட்டாபேஸும் ஒவ்வொரு பதில் தரும். ஜாவா, போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் மூன்றும் பிப்ரவரி 28 என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, எஸ்க்யூலைட் மார்ச் 1 என்று சொல்லும். பைத்தானில் தேதியின் ஆண்டை மட்டும் மாற்றினால் புரோகிராம் நின்றுவிடும். எக்செலுக்குள்ளேயே இரண்டு பதில் உண்டு. 29-02-2024-க்கு ஈடேட் சூத்திரத்தில் 12 மாதம் கூட்டினால் 28-02-2025. டேட் சூத்திரத்தில் 2025, 2, 29 என்று கொடுத்தால் 01-03-2025. சர்வரில் ஒன்று, திரையில் வேறொன்று என்று காட்டும் மென்பொருள்களில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு பொறி, போன வருஷத் தேதியோடு ஒரு வருஷம் கூட்டிக்கொண்டே போவது. ஜாவா போல 28 என்று சொல்பவற்றில் முதல் வருஷமே 28 ஆகிவிடும். பிறகு 2028 வந்தாலும் 28-லேயே நிற்கும். எப்போதும் பிறந்த தேதியிலிருந்தே கூட்டுங்கள்.

பிறந்த ஆண்டு தெரியாதபோது 1900 என்று நிரப்புவதும் ஆபத்து. 1900 லீப் வருஷம் அல்ல, எனவே 29 ஏறாது. எக்செல் மட்டும் லோட்டஸ் 1-2-3 என்ற முந்தைய விரிதாள் மென்பொருளின் பழைய பிழையைத் தெரிந்தே சுமந்துகொண்டு 29-02-1900 என்று இல்லாத நாளைக் காட்டும். எக்செல் தேதிகளுக்கு இடும் வரிசை எண்ணிலும் அது 60 என்பது வேடிக்கை. ஆப்பிள் ஆண்டில்லாத பிறந்தநாளுக்கு 1604 என்று எழுதிவைக்கிறது. அது லீப் வருஷம், 29 தாராளமாக உட்காரும்.

1896-இல் இதே நாளில் பிறந்த மொரார்ஜி தேசாய்க்கு முதல் பிப்ரவரி 29 வர 8 வருஷம் ஆனது. அந்த 1904-இல்தான், அதே நாளில், மதுரையில் ருக்மிணி தேவி அருண்டேல் பிறந்தார். 2096-இல் பிறக்கும் குழந்தைக்கும் அந்த 8 வருஷம் காத்திருக்கிறது, 2100-இல் 29 கிடையாது. ‘நான்கால் வகுபட்டால் லீப்’ என்று மட்டும் எழுதிய புரோகிராம் அங்கே மாட்டும்.

ஆண்டு எண்ணில் வெறுமனே ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2012 பிப்ரவரி 29 சாட்சி. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரில், கணினிகள் தங்களுக்குள் பயன்படுத்தும் பாதுகாப்புச் சான்றிதழின் காலாவதி தேதி அப்படித்தான் கணக்கிடப்பட்டது. 2013 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் இல்லாததால் சான்றிதழ் உருவாகாமல் சேவை முடங்கியது.

வாழ்த்துத் தேதியையும் வயதுத் தகுதியையும் ஒரே விதியில் கட்டாதீர்கள். சட்டக் கணக்கில் ஹாங்காங்கில் மார்ச் 1, தைவானில் பிப்ரவரி 28. எக்செலில் வயது கணக்கிட உதவும் டேடிஃப் சூத்திரம் 29-02-2004-இல் பிறந்தவருக்கு 28-02-2022 அன்று 17 என்றுதான் சொல்லும்.

சோதிக்கும்போது 2027 பிப்ரவரி 28, மார்ச் 1, 2028 பிப்ரவரி 28, 29 ஆகிய நான்கு நாள்களையும் ஓட்டிப் பாருங்கள். ‘28 என்றால் 29-ஐயும் சேர்த்து எடு’ என்று எழுதிவிட்டு லீப் வருஷமா என்று கேட்க மறந்தால், 2028-இல் அவருக்கு அடுத்தடுத்து இரண்டு வாழ்த்து போகும்.