சத்தத்தைக் குறைத்துக் கேளுங்கள்: என் காதை வளர்த்த சில இசைத்தட்டுகள்

கிளப் இசை செய்யத் தொடங்கியிருக்கும் எங்கள் திருகோணமலைத் தம்பிமார் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "அண்ணா, லெப்டொப்பில நல்லாக் கேட்குது, உப்புவெளி பீச்சில போட்டா ஏன் அடி விழுதில்லை?" பிறகு பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இன்னும் சத்தமாக மாஸ்டர் (வெளியிடுமுன் செய்யும் கடைசி ஒலிச் சீர்) செய்ய வேண்டும், இன்னும் பெரிய பொக்ஸ் வேண்டும். நான் சொல்வது இதற்கு நேர்மாறு. சில பழைய இசைத்தட்டுகளின் பெயரைக் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசினால் காதில் விழும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்கச் சொல்வேன். அந்த அளவிலும் அவை காலைத் தாளம் போட வைக்கும். எப்படி என்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. காதும் தப்பிக்கும்.

முதலில் 1977இல் டொனா சமர் பாடி வந்த 'ஐ ஃபீல் லவ்'. ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஜோர்ஜியோ மொரோடரும் பீட் பெலோட்டும் தயாரித்தது. குரலையும் கிக் டிரம்மையும் விட்டால் ஏறத்தாழ எல்லாமே ஒரு மூக் மொடியுலர் சிந்தசைசரில் இருந்து வந்தவை. கிக்கை மட்டும் கீத் ஃபோர்சி என்ற டிரம்மர் காலால் மிதித்தே வாசித்தார்.   

அதன் பேஸை, அதாவது அடியில் ஓடும் கனத்த ஒலியை, கவனியுங்கள். வரி என்று பார்த்தால் சின்னப் பிள்ளை கூட வாசிக்கலாம். ஆனால் ஒவ்வொரு சுரமும் ஒரு பக்கம் ஒலிக்க, அதன் எதிரொலி ஒரு சிறு இடைவெளி விட்டு மறுபக்கம் வருகிறது. இரண்டும் பின்னிக்கொள்ளும்போதுதான் அந்தக் குதிரை ஓட்டம் பிறக்கிறது. ஹெட்போனில் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள், பாட்டு நொண்டும். ஒரு டிலேயை (எதிரொலியை) வைத்து எட்டு நிமிடம் ஆட்களை ஆட வைக்கலாம் என்பதை நான் இதில்தான் கற்றேன். இன்றைக்கு ஒரு தம்பியின் ப்ரொஜெக்டைத் திறந்தால் பேஸுக்கு மட்டும் நாலைந்து லேயர் அடுக்கியிருப்பார். ஒன்றின் மேல் ஒன்று ஏறி எல்லாமே சேறாகிவிடும், அதை மறைக்கத்தான் சத்தத்தைக் கூட்ட வேண்டி வருகிறது.

இதிலேயே இன்னொரு விஷயம். அதே மொரோடர் வேலையைப் பார்த்துவிட்டு, பேஸை அகலமாக்குகிறேன் என்று ஸ்டீரியோ வைடனரைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். இடமும் வலமும் எதிரெதிர்க் கட்டத்தில் (ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்கும்படி) ஓடும் பேஸ், மொனோவில், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலியாக, ஒன்று சேரும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கடற்கரை ஹோட்டல்களில் நான் பார்க்கும் சவுண்ட் செட் பலவும் மொனோவாகத்தான் இணைத்திருக்கும். 'அடி விழுதில்லை' என்ற முறைப்பாட்டில் கணிசமான பங்கு இந்த ஒரு பொத்தானால் வருவது. வைனைல் தட்டு வெட்டியவர்களுக்கு இந்தச் சுதந்திரமே இருக்கவில்லை. மிக ஆழமான பேஸ் இப்படி எதிரெதிர்க் கட்டத்தில் ஓடினால் ஊசி பள்ளத்தை விட்டுத் துள்ளிவிடலாம், அதனால் அந்த அடிப்பகுதியைப் பெரும்பாலும் நடுவில் வைத்தார்கள். அந்தக் கட்டாயம் அவர்களுக்கு நல்லதாகவே முடிந்தது.

அடுத்தது நம் காதுக்கு இன்னும் நெருக்கமானது. ஹிந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் என்ற கலைஞர் 1982இல் பம்பாயில் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்துக்கு வாசித்து ஒரு தட்டுச் செய்தார். கருவிகள் மூன்று, எல்லாம் ரோலண்ட் நிறுவனத்தவை: டிபி-303 (பேஸ் கருவி), டிஆர்-808 (டிரம் மெசின்), ஜுபிட்டர்-8 (சிந்தசைசர்). அன்று அதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோதுதான் உலகம் வாயைப் பிளந்தது. ஏனென்றால் சிக்காகோவில் ஃபியூச்சர் குழு அதே 303ஐ வைத்து 'அசிட் ட்ரக்ஸ்' (Acid Tracks) வெளியிட்டது 1987இல். இவர் கிட்டத்தட்ட அதே ஒலிக்கு ஐந்து வருடம் முன்பே போயிருந்தார்.

கோணேசர் கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தட்டில் ஒரு தனி ருசி உண்டு. அவருடைய பூபாளி நம் மோகனம்தான். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். யமன் கேட்டால் கல்யாணி நினைவுக்கு வரும். கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டு) மாற்றமே கிடையாது. அடியில் ஒரே ஆதாரம், மேலே ராகம் மெல்ல மெல்ல விரிகிறது, 303இன் ஃபில்டர் திறந்து மூடி ஒலியைப் பளிச்சென்றும் மங்கலாகவும் ஆக்குகிறது. கிளப் இசைக்கு எட்டு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒருமுறை ஏதாவது வெடிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை முழுதாகக் கேட்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் வெளிநாட்டு சாம்பிள் பெக்கை (ஆயத்த ஒலித்துண்டுத் தொகுப்பை) தேடி அலைவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருவதற்கும் இதுதான் காரணம். ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்குப் பொறுமை ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கொண்டே ஒரு ட்ரக் (பாட்டு) கட்டலாம்.

'அசிட் ட்ரக்ஸ்' பற்றி அந்தக் குழுவின் டிஜே பியர் சொல்லும் கதை ஒன்று உண்டு. ரொன் ஹார்டி அதை சிக்காகோ கிளப்பில் முதல் முறை போட்டபோது ஆட்கள் ஆடுமிடத்தை விட்டு நகர்ந்துவிட்டார்களாம். அதே இரவில் திரும்பத் திரும்பப் போட்டார். நாலாவது முறை கூட்டம் பைத்தியமானது. ரசனை ஒரே கேட்டலில் வருவதில்லை. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் சத்தம் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முறைக்கே காது களைத்துவிடும்.

பாடகி எம்.ஐ.ஏ.யின் 'காலா' (2007) இசைத்தட்டைப் பற்றிச் சுருக்கமாக. அதில் உறுமி மேளம் ஒலிக்கிறது, அதுவும் மூலையில் ஒதுங்கி நின்று அல்ல, முன்னால். உறுமியைக் கிளப்புக்குள் கொண்டுவரலாமா என்று யாராவது தயங்கினால் இதைப் போட்டுக் காட்டுவேன், விவாதம் முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் விட என்னை மாற்றியது ஜமைக்காவின் டப். கிங்ஸ்டனில் வானொலிப் பெட்டியும் அம்ப்பும் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒஸ்போர்ன் ரடொக் என்பவரை உலகம் கிங் டப்பி என்று அறியும். ஏற்கெனவே பதிவான பாட்டை எடுத்து, குரலைத் தூக்கிவிட்டு, டிரம்மையும் பேஸையும் மட்டும் விடுவார். நடுவில் ஒரு கிற்றார்த் துண்டு வந்து எதிரொலியாகக் கரைந்து போகும். ஒகஸ்டஸ் பப்லோவுடன் அவர் செய்த 'கிங் டப்பிஸ் மீட்ஸ் ரொக்கர்ஸ் அப்டவுன்' (1976) தட்டில் பேஸ் பெரிதாகக் கேட்பது பேஸின் அளவால் இல்லை, சுற்றியிருந்ததை அவர் எடுத்துவிட்டார். அதே பாடத்தை 1993 முதல் பெர்லினின் பேசிக் சனல் என்ற இருவர் குழு டெக்னோ என்ற நடன இசைக்குள் கொண்டுவந்தது. நான் இன்றும் ஒரு மிக்ஸ் சிக்கினால் முதலில் செய்வது மியூட் பொத்தானை அழுத்துவதுதான். எது போனாலும் பாட்டு விழாமல் நிற்கிறதோ அது போகட்டும்.

சரி, சத்தத்துக்கு வருவோம். மனிதக் காது குறைந்த ஒலியளவில் பேஸைக் குறைவாகவே உணரும். ஃப்ளெச்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். அதனால் சத்தத்தைக் கூட்டினால் எந்த மோசமான மிக்ஸும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். காது நம்மை ஏமாற்றும் இடம் இதுதான். மாஸ்டரை நசுக்கி நசுக்கிச் சத்தமாக்குவதிலும் லாபம் இல்லை. ஸ்பொட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தித்தான் வழமையாக ஒலிக்க விடுகின்றன. நீங்கள் கூட்டியதை அவர்கள் குறைத்துவிடுவார்கள், நசுங்கிய கிக் நசுங்கியபடியே இருக்கும்.

காதின் கணக்கு இன்னும் கடுமையானது. தொழிலிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். பொக்ஸுக்கு முன்னால் நின்று ஆடுபவருக்கு முதல் மூன்று நாலு பாட்டிலேயே அன்றைய பங்கு முடிந்துவிடுகிறது. உட்காதிலுள்ள மயிர்க்கலங்கள் செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கு 100 டெசிபல் சராசரியை உச்ச வரம்பாக வைத்து, காதடைப்பான் கொடுக்கவும் அமைதியான ஓர் ஓய்விடம் வைக்கவும் சொன்னது. நம் பக்கத்தில் இரண்டாவதற்குச் செலவே இல்லை, கடற்கரையில் இடமா இல்லை?

திறந்த வெளிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுவர் இல்லை, கூரை இல்லை. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் போய்விடும், அறைக்குள் கிடைக்கும் பேஸ் உதவியும் கிடையாது. பின்னால் நிற்பவருக்குக் கேட்கவில்லை என்று டிஜே ஏற்றுவார், முன்னால் நிற்கும் பிள்ளையின் காது போகும். ஏற்றுவதற்கு முன் சப் பொக்ஸ்களை, அதாவது பேஸுக்கான பெட்டிகளை, பாருங்கள். அழகுக்காக மேடையின் இரண்டு மூலையிலும் வைத்திருந்தால், ஒரே இடத்தில் நடுவே சேர்த்து வையுங்கள். இரண்டு சப் ஒட்டி நின்றால் ஒன்றை விடச் சுமார் 6 டெசிபல் அதிகம் கிடைக்கும். பிரித்து வைத்தால் இடையில் சில இடங்களில் பேஸ் மாயமாகும். மேல் பொக்ஸ்களை ஆட்களின் தலைக்கு மேலே உயர்த்திச் சற்றே கீழ் நோக்கிச் சாய்த்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வித்தியாசம் குறையும்.

ஐப்பசியில் மாரி தொடங்கினால் இங்கே கடற்கரை வேலை நின்றுவிடும். ட்ரக் செய்ய அதுதான் காலம். ஹெட்போனில் வேலை செய்பவர்கள் மணிக்கு ஒருமுறை கழற்றிவிட்டு வெளியே போய் வாருங்கள், மழைச் சத்தமும் ஒரு நல்ல ஓய்வு. வெளி வேலைக்குப் பஞ்சு காதடைப்பானை விட இசைக்கலைஞர்களுக்கான ஃபில்டர் வைத்தது நல்லது. பஞ்சு மேல் சுரங்களை அதிகமாக வெட்டிவிடும், அதனால்தான் பலர் பாதியில் கழற்றிவிடுகிறார்கள்.

நிகழ்ச்சி முடிந்து காதில் கூ என்று இரைவது காது தாங்க முடியாமல் போனதன் அடையாளம். அடுத்த நாளும் அது இருந்தால் அந்த வாரம் சத்தமான வேலை எதையும் எடுக்காதீர்கள், நிற்காவிட்டால் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். ஒரு காது திடீரென மந்தமானால் அது வேறு கதை. தானாகச் சரியாகும் என்று காத்திராமல் அன்றே அல்லது மறுநாளே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போங்கள். அதற்கான சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.