பில்ட் தேதியை யூகத்துக்கு விடாதீர்கள்

ஒரு பில்டின் (சோர்ஸ் கோடிலிருந்து உருவாக்கிய மென்பொருள் பதிப்பின்) விவரங்களைத் தாங்கும் மெட்டாடேட்டாவில் 03/04/2024 என்று இருந்தால் அது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? நம் ஊர் டெவலப்பர் ஏப்ரல் என்பார். அமெரிக்க லொகேலில் (வட்டார அமைப்பில்) ஓடும் சர்வர் மார்ச் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுமே சரியான தேதிகள் என்பதால் எரர் வராது. பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் பேட்ச் வந்த அன்று, "புரொடக்‌ஷனில் ஓடுவது அதற்கு முந்தைய பில்டா, பிந்தையதா?" என்று கேட்கும்போதுதான் இது வெளியே வரும்.

25/04/2024 என்றால் மாட்டிக்கொள்ளும் என்று நம்பவும் முடியாது. தேதிகளைப் படிக்கவும் எழுதவும் ஜாவா மொழியில் உள்ள பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட்டிடம் மாதம் முதலில் வரும் என்று சொல்லி இதைக் கொடுத்துப் பாருங்கள். 25-ஆவது மாதம் என்று எண்ணிக்கொண்டே போய், 2026 ஜனவரி 4 என்று தரும். இப்படித் தவறான தேதியையும் ஏற்கும் லீனியன்ட் அமைப்பை அணைத்தால்தான் மறுக்கும்.

நான் அதிகம் பயப்படுவது ஆண்டுக் கடைசியில் வரும் பிழைக்கு. அதே ஜாவாவில் ஆண்டைக் குறிக்கச் சின்ன 'ஒய்' நான்கு போட வேண்டும். பெரிய 'ஒய்' போட்டால் அது வார ஆண்டு, அதாவது அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேர்கிறதோ அந்த ஆண்டு. ஆண்டு மாறும் சில நாட்கள் தவிர, வருடம் முழுக்க இரண்டும் ஒரே விடைதான் தரும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும். ஆனால் 2024 டிசம்பர் 30 அன்று 2025-12-30 என்று எழுதும், ஏனென்றால் அந்த வாரம் 2025-இன் முதல் வாரம். பெயரில் அந்தத் தேதியைத் தாங்கிய பில்டுதான் அடுத்த பல மாதங்களுக்குப் பட்டியலில் "புதியது". பழைய பில்டுகளைத் தேதி பார்த்து அழிக்கும் ஸ்கிரிப்ட், உண்மையான புதிய பில்டை அழித்துவிட்டு அதைக் காப்பாற்றி வைக்கும்.

நேர மண்டலமும் இப்படித்தான். ஐ.எஸ்.டி. என்ற நேரச் சுருக்கம் இந்தியாவுக்கும் இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொது. ஏப்ரல் 5 அதிகாலை 2 மணிக்கு இங்கே ஓடிய பில்ட், உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் ஏப்ரல் 4 இரவு 8.30. மண்டலம் எழுதாத பதிவில் ஒரு நாளே மாறிப்போகும்.

எழுதும் இடத்திலேயே கட்டுப்பாடு வையுங்கள்: யு.டி.சி., ஆர்.எஃப்.சி. 3339 என்ற தரநிலையின் வடிவம் (2024-04-04T20:30:00Z போல), வேறெதுவும் கூடாது. நேரத்தை மெஷின் கடிகாரத்திலிருந்து எடுக்காமல் கமிட்டிலிருந்து (சோர்ஸில் செய்த மாற்றத்தின் பதிவிலிருந்து) எடுத்து, சோர்ஸ் டேட் ஈபாக் (SOURCE_DATE_EPOCH) என்ற என்விரான்மென்ட் மாறியில் கொடுங்கள். ஜி.சி.சி. கம்பைலரே 7-ஆம் பதிப்பு முதல் அதை மதிக்கிறது. ஜாவா பில்டின் தொகுப்பான ஜார் கோப்புக்குள்ளும் நேரம் பதிவாகும் என்பதால், இதைச் செய்யாவிட்டால் ஒரே சோர்ஸ் இரண்டு மெஷினில் இரண்டு ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற மதிப்பு) தரும். ஒரே கமிட்டின் இரண்டு பில்டுகளைப் பிரித்துக் காட்ட பில்ட் எண் இருக்கிறது. பில்ட் ஓடிய நேரம் பில்டைத் தானாக ஓட்டும் சி.ஐ. அமைப்பின் லாகில் இருந்தால் போதும்.

பழைய பதிவுகளை ஒரே ஸ்கிரிப்டில் மாற்றிவிடும் ஆசை வேண்டாம். மூலத்தில் இருந்ததை அப்படியே ஒரு ஃபீல்டில் வைத்து, மாற்றியதைப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் 12 தேதிகளுக்குள் வருவதையெல்லாம் கமிட் வரலாற்றோடு ஒப்பிடுங்கள். அப்படியும் தெளியாததை "தெரியவில்லை" என்றே பதியுங்கள்.