மரத்தை எப்போது வெட்டுவது என்று வட்டிதான் சொல்கிறது

காடு வைத்திருப்பவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். எத்தனை கன மீட்டர் மரம் நிற்கிறது, இப்போது வெட்டினால் என்ன கிடைக்கும், இன்னும் இருபது வருடம் விட்டுவைத்தால் என்ன கிடைக்கும். பணமும் பருவநிலை இலக்கும் பல்லுயிரும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது அந்தக் கடைசிக் கேள்வியில்தான். ஆனால் வெளியில் எல்லாரும் மரம் நடுவதைப் பற்றியே பேசுகிறார்கள், நட்டது எத்தனை வயதுவரை நிற்கும் என்று கேட்பவர்கள் குறைவு.

கணக்கு ரொம்பப் பழையது. 1849-இல் மார்ட்டின் ஃபவுஸ்ட்மன் என்ற ஜெர்மானியர் எழுதிய சூத்திரம்தான் இன்றும் அடிப்படை. சுருக்கமாகச் சொன்னால், நிற்கும் மரத்தின் மதிப்பு ஏறும் வேகம், மரத்தை விற்று அந்தப் பணத்தையும் நிலத்தையும் வேறு விதமாகப் பயன்படுத்தினால் வரும் வருமானத்தைவிடக் குறைந்துவிட்டால் வெட்டிவிட வேண்டியதுதான். 80 ஆண்டு கழித்து வரப்போகும் 1000 ரூபாய், 4 சதவீத வட்டியில் பார்த்தால் இன்றைக்கு வெறும் 43 ரூபாய்க்குச் சமம். அதுவே 2 சதவீதம் என்றால் 205. அதே மண், அதே மரம், வட்டி மட்டும்தான் வேறு, வெட்டும் வயது மாறிவிடுகிறது. அதனால் சீக்கிரம் வெட்டுகிறவரைப் பேராசைக்காரர் என்று திட்டுவதை நான் ஏற்பதில்லை. கடன் கட்ட வேண்டியவருக்குக் காத்திருப்பது உண்மையிலேயே செலவு, அந்தச் செலவை ஊர் உலகம் பகிர்ந்துகொள்ளாமல் அவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமும் இல்லை.

கார்பனுக்கு விலை வந்ததும் கணக்கு மாறுகிறது. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன்தான், எடை குறைந்த ஊசியிலை மரம் ஒரு கன மீட்டர் என்றால் சுமார் முக்கால் டன் கார்பன் டை ஆக்சைடு அதற்குள் அடைபட்டிருக்கிறது. அதை நிறுத்திவைக்கப் பணம் கொடுத்தால் வெட்டும் வயது தள்ளிப்போகும். வெட்டிய பிறகு அது என்னவாகிறது என்பதும் முக்கியம். உத்தரமானால் பல பத்தாண்டுகள் கார்பன் உள்ளேயே இருக்கும், காகிதமானால் சில ஆண்டுகள், விறகானால் அன்றைக்கே காற்றில் கலந்துவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சர்வதேசக் கணக்கு விதிப்படி, விறகு எரித்து வரும் உமிழ்வு எரிசக்தித் துறையில் பூஜ்ஜியம், அது மரம் வெட்டிய நாட்டின் நிலக் கணக்கில்தான் ஏறும். இறக்குமதி செய்து எரிக்கும் நாட்டின் கணக்கு சுத்தமாகத் தெரியும்.

சரி, கார்பனுக்குப் பணம் கொடுத்துவிட்டால் பல்லுயிரும் தானாக வந்துவிடுமா? வராது. வேகமாக வளரும் ஒரே இன மரத் தோட்டம்கூடக் கார்பனை நன்றாகச் சேர்க்கும், ஆனால் பல உயிர்களுக்கு வேண்டியது பட்ட மரம். பட்டுப்போன ஒரு பெரிய மரத்தின் பட்டையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். புழுக்கள் குடைந்த வழிகள், வெள்ளையாகப் படர்ந்த பூஞ்சை இழைகள், கொஞ்சம் மேலே மரங்கொத்தி போட்ட பொந்து, அது விட்டுப்போன பிறகு அங்கே குடியேறும் ஆந்தையோ வௌவாலோ. ஃபின்லாந்தில் காட்டு உயிரினங்களில் 20 முதல் 25 சதவீதம் இப்படிப்பட்ட மரத்தை நம்பித்தான் வாழ்கின்றன, ஆனால் அங்கே வெட்டி நிர்வகிக்கப்படும் காடுகளில் இயற்கைக் காட்டில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான் பட்ட மரம் மிஞ்சியிருக்கிறது. இத்தனைக்கும் அதை விட்டுவைப்பதற்கு ஆகும் இழப்பு பெரும்பாலும் விறகு விலைதான். பல்லுயிருக்கு இவ்வளவு மலிவான வேலை வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அதைத் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். 1996-இல் கோஸ்டா ரிக்கா கொண்டுவந்த வனச் சட்டம் கார்பன், நீர், பல்லுயிர், இயற்கை அழகு என்று நான்கையும் தனித்தனிச் சேவைகளாகப் பெயர் சொல்லியே அங்கீகரித்தது, காட்டு உரிமையாளர்களுக்குக் கொடுக்க எரிபொருள் வரியிலிருந்து பணம் எடுத்தது.

அப்புறம், ஓரிடத்தில் வெட்டாமல் இருந்தால் இன்னோரிடத்தில் வெட்டுவார்கள் என்பதும் உண்மை. 1998 வெள்ளத்துக்குப் பிறகு சீனா தன் இயற்கைக் காடுகளில் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது, அங்கே மர இறக்குமதி எகிறியது. வாங்குவது குறையாதவரை இந்தக் கசிவு இருந்துகொண்டே இருக்கும்.

மரத்தை வெட்டாமல் நிறுத்திவைக்கப் பணம் தரும் கார்பன் ஒப்பந்தத்தோடு என்னிடம் வருபவர்களிடம், அதில் இரண்டு விஷயங்களைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். காடு தீப்பிடித்தாலோ புயலில் சாய்ந்தாலோ வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா, விழுந்த மரங்களில் ஒரு பகுதியை அங்கேயே மட்க விடலாமா. இரண்டாவது எழுத்தில் இல்லையென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.