முடிதிருத்தமும் ஒப்பனையும் கற்கச் சேருமுன் பார்க்க வேண்டியவை

சிகையலங்காரம், முடிதிருத்தம், ஒப்பனை ஆகிய தொழில்களைக் கற்க வருபவர்கள் பயிற்சி நிலையத்தில் முதலில் கேட்பது, "எத்தனை ஸ்டைல் சொல்லித் தருவீர்கள்?" என்றுதான். அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு: எத்தனை தலைகளில் என் கையால் வேலை செய்ய விடுவீர்கள்? கருவியை எப்படிச் சுத்தம் செய்யக் கற்றுத் தருவீர்கள்? ஸ்டைல் வரும், போகும். தோலும் முடியும் ரசாயனமும் நடந்துகொள்ளும் விதம் மாறாது. வாடிக்கையாளருக்குக் கேடு வருவதும் பெரும்பாலும் இந்த மூன்றையும் சரியாகப் படிக்காத கையால்தான்.

கத்தரிக்கு முன்னால் சுத்தம்

கருவியைக் கழுவுவதும் கிருமிநீக்குவதும் வெவ்வேறு வேலைகள். சீப்பிலும் கத்தரியிலும் ஒட்டிய முடி, எண்ணெய், தோல் துகள் எல்லாம் முதலில் சோப்பு நீரில் போக வேண்டும். அழுக்கோடு கிருமிநாசினியில் போட்டால் திரவம் உலோகத்தைத் தொடாது. கழுவிய பிறகு, பாட்டிலில் சொன்ன அளவில் கலந்த கரைசலில் கருவி முழுதாக மூழ்கி, அதில் குறிப்பிட்ட நேரம் வரை இருக்க வேண்டும். பல தயாரிப்புகளுக்கு அந்த நேரம் 10 நிமிடம். ஒருமுறை முக்கி எடுத்துத் துடைத்தால் கருவி ஈரமாகியிருக்கும், அவ்வளவுதான். நீல விளக்கு எரியும் புற ஊதாப் பெட்டியை நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. ஒளி படாத பக்கத்தில் அது வேலை செய்யாது. கிருமிநீக்கிய கருவியை எடுத்து வைக்கும் இடமாக மட்டுமே அதைக் கருதுங்கள்.

பிளேடு ஒரு ஆளுக்கு ஒன்று. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் உயிரோடிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே தொற்றைப் பரப்பப் போதும். ரத்தத்தை நிறுத்தும் படிகாரக் கட்டியையும் ஒருவர் தோலிலிருந்து அடுத்தவர் தோலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பொடியாகவோ திரவமாகவோ பஞ்சில் தொட்டு வைத்து, அந்தப் பஞ்சை எறிந்துவிடலாம். இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. தலையில் வட்டமாக முடி உதிர்ந்து செதில் படிந்த படை, பேன், சீழ்க்கொப்புளம் ஆகியவற்றைப் பார்த்ததும் அடையாளம் காணவும், வாடிக்கையாளரைப் புண்படுத்தாமல் மருத்துவரிடம் அனுப்பவும் பயிற்சியிலேயே பழக வேண்டும்.

கை பழகுவது

கத்தரியில் கட்டைவிரல் மட்டும் அசைய வேண்டும், மற்ற விரல்கள் அசையாமல் நிற்க வேண்டும். முடியே இல்லாமல் வெறும் காற்றில் திறந்து மூடிப் பழகுவது சலிப்பான பாடம்தான். ஆனால் அதைப் பழகாமல் விட்டவர்களின் வெட்டுக்கோடு பல் பல்லாக வரும். அடுத்தது பகுதி பிரிப்பது. விரலிடுக்கில் எடுக்கும் முடி 1 செ.மீ. அகலத்துக்கு மேல் போனால், முன்பு வெட்டிய வழிகாட்டி முடி உள்ளே தெரியாது; அது தெரியாதபோதுதான் நீளம் தப்பிப் போகிறது.

ஈர முடி நீளும், உலர்ந்தால் சுருங்கும். சுருட்டை முடி இன்னும் அதிகமாகச் சுருங்கும். காதுக்கு மேல் முடியை இறுக்கிப் பிடித்து வெட்டினால் விட்டதும் அது மேலே ஏறி, அங்கே ஒரு பள்ளம் தெரியும். அந்த இடத்தில் சீப்பால் தளர்வாக வாரி, இழுக்காமல் வெட்ட வேண்டும்.

கிளிப்பரில் கார்டு என்பது வெட்டும் நீளத்தைக் கட்டுப்படுத்த பிளேடின் மேல் மாட்டும் சீப்பு. 1 ஆம் எண் கார்டு ஏறக்குறைய 3 மி.மீ., 2 ஆம் எண் 6 மி.மீ., 4 ஆம் எண் 13 மி.மீ. முடியை விடும். கீழே மிகக் குட்டையாகத் தொடங்கி மேலே போகப்போக முடி நீளும் ஃபேட் வெட்டுவதில் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, முதல் கோட்டை மிக உயரத்தில் போடுவது. ஏற்றிய கோட்டை இறக்க முடியாது. தாழ்வாகத் தொடங்கி, பிளேடு தலையைவிட்டு வெளிப்பக்கமாக வளைந்து விலகும்படி கை திரும்ப வேண்டும். ஓடும் பிளேடில் 2, 3 சொட்டு எண்ணெய் விடுங்கள். உலர்ந்த பிளேடு சூடாகிக் கழுத்துத் தோலைச் சிவக்க வைக்கும்.

சவரக் கத்தியை ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் பிடித்து, தோலை மற்றக் கையால் இழுத்து, முடி வளரும் திசையிலேயே முதல் இழுப்பு. கழுத்தில் முடி சுழன்று வளர்வதால் முதலில் விரலால் தடவித் திசையைப் பாருங்கள். சுருட்டைத் தாடி உள்ளவருக்கு எதிர்த் திசையில் ஒட்ட மழித்தால், முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து சீழ்க்கட்டி வரும்.

நிறத்தின் வேதியியல்

வெட்டியது தவறினால் முடி வளர்ந்து சரியாகும். சாயம் தவறினால் தோல் வேகும், ஒவ்வாமையில் முகமே வீங்கிப்போகும். நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் பாராஃபினைலீன்டையமின் அல்லது அதன் உறவுப் பொருள் உண்டு. கறுப்பு மருதாணி என்ற பெயரில் உடலில் வரையும் கலவையிலும் அது இருக்கக்கூடும். அதனால் ஒவ்வாமை வந்தவருக்குத் தலைச்சாயமும் ஆபத்தாகும். ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவருக்கும் திடீரென ஒவ்வாமை வரலாம். எனவே தயாரிப்பு உறையில் சொன்னபடி, பொதுவாக 48 மணி நேரம் முன்னதாக, காதின் பின்னோ முழங்கை மடிப்பிலோ சாயத்தைச் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். அரிப்பு, சிவப்பு, வீக்கம் எது வந்தாலும் சாயம் கிடையாது. "நான் எப்போதும் போடுவதுதான்" என்று வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்காத பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.

சாயத்தோடு கலக்கும், டெவலப்பர் எனப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு 10 வால்யூம் என்றால் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. நரை மறைக்க 40 தேவை என்று நினைப்பவர்கள் உண்டு. நரையில் நிறம் தங்கப் பொதுவாக 20 தான் ஏற்றது; 40 முடியை வெளுக்கத்தான் அதிகம் உதவும், தலைத்தோலையும் எரிக்கும். கலவையைக் கண்ணளவில் ஊற்றாமல் தராசில் நிறுத்துக் கலக்குங்கள்.

முடியின் வேர்ப்பகுதி தலைச் சூட்டில் சீக்கிரம் வெளுக்கும். ஆகவே வெளுக்கும்போது தலைத்தோலிலிருந்து இரண்டு செ.மீ. விட்டு நடுப்பகுதியிலும் நுனியிலும் பூசி, வேரைக் கடைசியில் பூசுவார்கள். கறுப்பு முடி முதலில் சிவப்பாகும், பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஆரஞ்சை நீலமும் மஞ்சளை ஊதாவும் அடக்கும். சாயத்தின் மேல் இன்னொரு சாயம் போட்டு நிறத்தை வெளுக்க முடியாது. அதற்கு வெளுக்கும் பொருளே வேண்டும். உலோக உப்பு கலந்த சாயம் முன்பு போட்ட முடியில் பெராக்சைடு பட்டால் முடி கொதித்து உருகலாம். பழைய சாயம் பற்றித் தெரியாதபோது ஒரு சிறு முடிக்கற்றையில் சோதித்துப் பார்ப்பதே பாதுகாப்பு. மிச்சக் கலவையை மூடிய பாட்டிலில் வைக்காதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கும்.

ஒப்பனை

ஃபவுண்டேஷன் நிறத்தைத் தாடையோரத்தில் தடவி, பகல் வெளிச்சத்தில், 10 நிமிடம் பொறுத்துப் பாருங்கள். சில தயாரிப்புகள் காற்றில் கருத்துவிடும். கண்ணுக்குக் கீழ்க் கருவளையம் இருந்தால் முதலில் பீச் அல்லது ஆரஞ்சு நிறத் திருத்திப் பூச்சு, பிறகே கறையை மறைக்கும் கன்சீலர். சிலிக்கா பவுடரும் துத்தநாக ஆக்சைடு கலந்த சன்ஸ்கிரீனும் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெள்ளையாகக் காட்டும். முகூர்த்தப் படங்களில் வெளுத்த முகத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால், ஒருமுறை ஃபிளாஷில் படமெடுத்துப் பார்த்துவிடுங்கள். கிரீமும் லிப்ஸ்டிக்கும் தட்டைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் வைத்துத்தான் பூச வேண்டும். மஸ்காராவுக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் தூரிகை. திறந்த குப்பியை 3 மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

உங்கள் கையையும் பாருங்கள்

தண்ணீரும் ஷாம்பூவும் நாள் முழுதும் பட்டால் கைத் தோல் வெடித்துப் படையாகும். இதனால் தொழிலையே விட்டவர்கள் உண்டு. சாயத்துக்கும் தலை கழுவவும் லேடெக்ஸ் அல்லாத நைட்ரைல் கையுறை, ஒருமுறைக்கு ஒன்று. மோதிரத்தைக் கழற்றி, கையை ஒற்றித் துடைத்து, கிரீம் தடவுங்கள். முடி நேராக்கும் திரவங்களைச் சூடு வைக்கும்போது சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வரும். அறையில் காற்றோட்டம் இல்லையென்றால் அந்த வேலையை ஒத்திவைக்க வேண்டும். வெட்டும்போது கை தோளுக்கு மேல் போகாதபடி நாற்காலியை ஏற்றி இறக்குங்கள்.

சேருமுன் ஒரு வகுப்பு நடக்கும்போது நேரில் போய்ப் பாருங்கள். மாணவர்கள் சீப்பை எங்கே வைக்கிறார்கள், பிளேடை மாற்றுகிறார்களா, சாயத்தைத் தராசில் நிறுக்கிறார்களா, உண்மையான மனிதத் தலையில் வேலை செய்கிறார்களா, பக்கத்தில் பயிற்சியாளர் நிற்கிறாரா என்று கவனியுங்கள். பொம்மைத் தலையில் தொடங்குவது சரி. ஆனால் அதற்குச் சுழியோ, வியர்வையோ, வலியோ கிடையாது. உங்கள் ஊரில் இந்தத் தொழிலுக்கு உரிமம் தேவையா, இவர்கள் தரும் சான்றிதழ் அதற்குச் செல்லுமா என்பதைப் பணம் கட்டுமுன் உறுதிசெய்யுங்கள். வகுப்பு முடிந்ததும் தனிக்கடை திறக்க அவசரப்படாமல், அனுபவம் உள்ளவரிடம் உதவியாளராக இருங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் அட்டை வைத்து, போட்ட சாயத்தின் எண், அளவு, டெவலப்பர், நிமிடம், ஒவ்வாமைச் சோதனை செய்த தேதி, முடிவு ஆகியவற்றை அன்றன்றே எழுதிவையுங்கள்.