ஆண் பக்கக் குழந்தையின்மை: விந்துப் பரிசோதனை முதல் இக்ஸி வரை

கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆன தம்பதியின் ஃபைலைத் திறந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: மனைவியின் தைராய்டு, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச்., கருமுட்டை வளர்ச்சி பார்க்க நான்கைந்து ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரே. கணவர் பெயரில் ஒரு தாள்கூட இருக்காது. ஊசியே இல்லாமல் சில நூறு ரூபாயில் முடிகிற விந்துப் பரிசோதனை கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கும். கேட்டால், "எனக்கு ஒரு குறையும் இல்லை டாக்டர்" என்பார். தாம்பத்தியத்தில் குறை இல்லாதது வேறு, விந்தில் அணுக்கள் இருப்பது வேறு. அணுவே இல்லாதவருக்கும் விந்து வழக்கம்போல வரும். அதில் பெரும்பகுதி விந்துப் பையும் புராஸ்டேட்டும் சுரக்கும் நீர்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் ஆறில் ஒருவர் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். இப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. சுமார் 20 சதவீதத்தில் அது ஒன்றுதான் காரணம். முதல் குழந்தை இயல்பாகப் பிறந்துவிட்டது என்பதும் இரண்டாவதற்கு உத்தரவாதம் இல்லை.

ஒரு வருடம் கருத்தடை இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் கரு நிற்கவில்லை என்றால் பரிசோதனைக்கு வரலாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். இந்த ஒரு வருடக் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். துபாயில் வேலை பார்த்து ஆண்டுக்கு முப்பது நாள் லீவில் வருபவருக்கு மூன்று வருட மணவாழ்க்கை என்பது உண்மையில் மூன்று மாதம்தான். கல்யாணமாகி இரண்டு வருடமாகியும் உறவே முழுமையாக நடக்காத தம்பதிகளும் இருக்கிறார்கள். நேரடியாகக் கேட்டால் ஒழிய அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கேட்காத மருத்துவர் ஸ்கேன் எழுதிக்கொண்டே போவார்.

சாம்பிள் கொடுக்கும்போது நடக்கும் தவறுகள்

பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். "அதிக நாள் விட்டால் கவுண்ட் ஏறும்" என்று பதினைந்து நாள் காத்திருந்து வருபவர்கள் உண்டு. எண்ணிக்கை கூடலாம், ஆனால் தேங்கிக் கிடந்த அணுக்களின் அசைவு குறைந்துவிடும். ஆய்வகம் தரும் அகன்ற வாய் டப்பாவில்தான் சேகரிக்க வேண்டும். எண்ணெய், சோப்பு, எச்சில் எதுவும் கூடாது. கடையில் வாங்கிய காண்டமில் பிடித்துக் கொண்டுவருவதும் கூடாது. அணுக்கள் அதிலேயே செத்துப்போகும்.

முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு மிக அடர்த்தியாக இருக்கும். அது டப்பாவுக்கு வெளியே சிந்திவிட்டால் மீதியை வைத்து எழுதும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பில்லை. சிந்தியதைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள் உடல் சூட்டில் வைத்து எடுத்து வரலாம். வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்டியும் ஆகாது, ஃப்ரிட்ஜும் ஆகாது.

இன்னொரு கேள்வி அவசியம்: கடந்த மூன்று மாதத்தில் டெங்கு, டைஃபாய்டு மாதிரி கடும் காய்ச்சல் வந்ததா? ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், அதன்பின் விரைமேல் குழாயில் முதிர்ச்சி அடைய இன்னும் ஒன்றிரண்டு வாரம். ஆகவே இன்றைய சாம்பிள் மூன்று மாதத்துக்கு முந்தைய உடல்நிலையைக் காட்டுகிறது. எந்தச் சிகிச்சையின் பலனையும் மூன்று மாதத்துக்கு முன் எதிர்பார்க்க முடியாததும், ஒரே ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதும் இதனால்தான்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி

2021-ல் வந்த ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் வரம்புகள் இவை: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.க்கு 16 மில்லியன் அணுக்கள், மொத்தம் 39 மில்லியன், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் சாம்பிள்களை வரிசைப்படுத்தி, அதில் கடைசி ஐந்து சதவீதத்துக்குக் கோடு கிழித்து எடுத்த எண்கள் இவை. 14 மில்லியன் உள்ளவர் தந்தையாக முடியாது என்றோ, 40 மில்லியன் உள்ளவர் நிச்சயம் ஆவார் என்றோ இதற்குப் பொருள் இல்லை. "96 சதவீதம் கோளாறான வடிவம்" என்ற வரியைப் பார்த்து ராத்திரி தூங்காதவர்கள் ஏராளம். 96 கோளாறு என்றால் 4 சரி, வரம்பே அதுதான்.

தனித்தனி எண்களைவிட ஒரு பெருக்கல் பயன்படும். அளவு 2.5 மி.லி., அடர்த்தி 12 மில்லியன், முன்னோக்கி அசைவு 35 சதவீதம் என்றால் 2.5 × 12 × 0.35, அதாவது 10.5 மில்லியன் நீந்தும் அணுக்கள். அடர்த்தி வரம்புக்குக் கீழே இருந்தாலும் கையில் இருப்பது மோசமான இருப்பு அல்ல.

ஆய்வகத்தின் தரமும் முக்கியம். விந்து முதலில் கெட்டியாக இருந்து, 37 டிகிரியில் வைத்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நீர்க்கும். அதன் பிறகு கலக்கி, எண்ணுவதற்கான கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில் குறைந்தது 200 அணுக்களை எண்ணி, இரண்டாவது துளியிலும் அதையே செய்து ஒப்பிட வேண்டும். சாம்பிள் கொடுத்த பத்தாவது நிமிடத்தில் "60 மில்லியன், 60 சதவீதம்" என்று உருட்டி எழுதிய தாள் கைக்கு வந்தால் வேறு இடத்தில் மறுபடி பார்ப்பது நல்லது.

"பஸ் செல்கள் (சீழ் அணுக்கள்) 8–10" என்ற வரிக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களும் நிறைய. நுண்ணோக்கியில் உருண்டையாகத் தெரிவதெல்லாம் சீழ் அணு அல்ல. முதிராத விந்தணுவும் அப்படித்தான் தெரியும். பெராக்ஸிடேஸ் சாயம் போட்டு, ஒரு மி.லி.க்கு ஒரு மில்லியனுக்கு மேல் வெள்ளணு இருந்தால்தான் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

கவுண்ட் பூஜ்யம் என்றால்

ஆண்களில் நூற்றில் ஒருவருக்கும், குழந்தையின்மைக்காக வரும் ஆண்களில் 10 முதல் 15 சதவீதத்தினருக்கும் விந்தில் அணுவே இருக்காது. அப்படி எழுதும் முன் சாம்பிளை மையவிலக்கில் சுழற்றி அடியில் படிவதைப் பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு அணு கிடைத்தாலே சிகிச்சையின் பாதை மாறிவிடும்.

அடுத்து பார்ப்பது விந்தின் அளவு. ஒரு மி.லி.க்கும் குறைவு, அமிலத்தன்மை அதிகம், விந்துப் பை சுரக்கும் ஃப்ரக்டோஸ் சர்க்கரை இல்லை, விரை நல்ல பருமன் என்றால் அடைப்பு, அல்லது பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாத நிலை. குழாய் இருக்கிறதா என்று மருத்துவரின் விரல் தொட்டுச் சொல்லிவிடும். இல்லாவிட்டால், இந்தப் பிறவிக் குறையோடு தொடர்புள்ள சி.எஃப்.டி.ஆர். மரபணுச் சோதனை கணவன் மனைவி இருவருக்கும் வேண்டும். அளவு குறைவுதான், ஆனால் சர்க்கரை நோய் உண்டு, அல்லது புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுகிறார் என்றால், விந்து பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போகிறதா என்று உறவுக்குப் பிந்தைய முதல் சிறுநீரில் தேட வேண்டும்.

விரை சிறியது, அணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் அதிகம் என்றால் உற்பத்தியிலேயே கோளாறு. குரோமோசோம் சோதனையும் ஒய் குரோமோசோம் நுண்ணிழப்புச் சோதனையும் செய்யாமல் அறுவைக்குப் போகக் கூடாது. ஒய் குரோமோசோமில் அணு உற்பத்திக்கான ஏ.இசட்.எஃப். பகுதியில் 'ஏ' அல்லது 'பி' முழுதும் இல்லை என்றால் விரையைத் திறந்தாலும் அணு கிடைக்காது. செலவும் வலியும் வீண். 'சி' மட்டும் இல்லை என்றால் பலருக்கும் கிடைக்கிறது, ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். ஒரு எக்ஸ் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் ஆண்களிலும் மைக்ரோஸ்கோப் வைத்துத் தேடினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது.

நாமே வரவழைக்கும் காரணம்

தடுக்கக்கூடிய காரணங்களில் எரிச்சலூட்டுவது டெஸ்டோஸ்டீரோன் ஊசி. ஜிம்மில் உடம்பு ஏற்ற ஒருவர் போட்டுக்கொள்வார்; "ஆண்மை ஹார்மோன் கம்மி" என்று இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பார்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தன் வேலையை நிறுத்துகிறது; விரையைத் தூண்ட அது அனுப்பும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். விழுகின்றன, விரைக்குள் இருக்க வேண்டிய ஹார்மோன் அளவு சரிகிறது, சில மாதத்தில் கவுண்ட் பூஜ்யம். ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் மட்டும் ஜோராக இருக்கும். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் திரும்பும், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும். லேபிளில் சொல்லாத ஹார்மோன் கலந்த பவுடர்களும் விற்கின்றன என்பதால், சாப்பிடும் டப்பாவையே கையோடு கொண்டுவருவது நல்லது.

புகையிலை, குட்கா, மது, தொப்பை எல்லாம் தெரிந்த சங்கதிகள்தான். விரை உடல் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால் அடுப்படி, பாய்லர் பக்கம் நாள் முழுதும் நிற்பவர்களிடம் வேலையைப் பற்றியும் கேட்கிறோம். பருவ வயதுக்குப் பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி, விரை இறங்காமல் குழந்தையில் செய்த அறுவை, இரண்டையும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

வெரிகோசில், மருந்து, அறுவை

விரைப்பையில் சிரை (ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் குழாய்) சுருண்டு வீங்கும் வெரிகோசில் சாதாரண ஆண்களிலேயே 15 சதவீதம் பேருக்கு உண்டு. குழந்தையின்மைக்கு வருபவர்களில் 35 முதல் 40 சதவீதம். பெரும்பாலும் இடப்பக்கம், ஏனென்றால் இடது விரையின் சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது. நிற்கவைத்து, முக்கச் சொல்லி, கையால் தொட்டு உணர முடிந்து, விந்து ரிப்போர்ட்டும் குறைவாக இருந்தால் அறுவை பலன் தரும். டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரியும் சின்ன வீக்கத்துக்குக் கத்தி வேண்டாம். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்தால் விரைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியும் நிணநாளமும் தப்பும். மூன்று முதல் ஆறு மாதத்தில் மாற்றம் தெரியும். மனைவிக்கு 38 வயது என்றால் அந்த ஆறு மாதம் அவர்களிடம் இருக்கிறதா என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாத்திரையில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் ஆறு மாதம் கொடுத்து 2,370 தம்பதிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. குழந்தைப் பிறப்பில் வித்தியாசம் இல்லை. மருந்து அற்புதமாக வேலை செய்யும் ஒரு கூட்டம் உண்டு: பிட்யூட்டரியிலிருந்தே சமிக்ஞை வராதவர்கள். மீசை தாடி சரியாக வளராமல், சிலருக்கு வாசனையே தெரியாமல் இருக்கும். எல்.எச். போல வேலை செய்யும் எச்.சி.ஜி. ஊசியும் பிறகு எஃப்.எஸ்.எச். ஊசியும் ஓரிரு வருடம் போட்டால் பூஜ்யத்திலிருந்து அணு வந்து, இயல்பாகவே கரு நிற்பதும் நடக்கிறது.

விந்தை ஆய்வகத்தில் கழுவிய பின் ஐந்து மில்லியன் நீந்தும் அணுக்களாவது தேறினால், அதை நேரே கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. முயலலாம். அதற்கும் கீழே, அல்லது விரையிலிருந்து ஊசியால் எடுத்த அணு என்றால் இக்ஸி. ஒரு முட்டைக்குள் ஒரே அணுவைச் செலுத்தும் இந்த முறையில் முதல் கர்ப்பங்களை 1992-ல் பிரஸ்ஸல்ஸ் குழு அறிவித்தது. இதில் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது மனைவியின் வயது. இந்தியாவில் 2021 சட்டப்படி இச்சிகிச்சைக்குப் பெண்ணுக்கு 21–50, ஆணுக்கு 21–55 வயது வரம்பு. தானம் பெற்ற விந்து வேண்டுமென்றால் பதிவு பெற்ற வங்கியிலிருந்து மட்டுமே, இருவரின் எழுத்து ஒப்புதலோடு.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் இளைஞர்கள் பற்றி ஒன்று. கீமோவும் கதிர்வீச்சும் உற்பத்தியை நிரந்தரமாகவே நிறுத்திவிடக்கூடும். முதல் கீமோவுக்கு முன், இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று சாம்பிள் கொடுத்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைக்கலாம். சிகிச்சை ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போகாது. கல்யாணம் ஆகாத பையனிடம் இதைப் பேச வீட்டில் கூச்சப்படுவார்கள். அதனால் புற்றுநோய் மருத்துவரிடம் பையனையே தனியாக அனுப்பிப் பேச வையுங்கள்.